நாம் தேர்ந்தெடுக்காத பாட்டுகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)



ரொம்ப நாளா வந்துக்கிட்டே இருக்கிற ஒரு கேள்வி: "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது? அது ஏன் பிடிக்கும்?" கேக்கறதுக்குச் சுலபமான கேள்வி. பதில் சொல்ல உட்கார்ந்தாதான் கஷ்டம் தெரியும்.

முதல்ல என் போனைத் திறந்து பார்த்தேன். போன வருஷம் நான் அதிகமா கேட்ட பத்துப் பாட்டை ஆப்பே வரிசையா எடுத்துக் கொடுத்துச்சு. பத்தும் நல்ல பாட்டு. பத்தும் நானே தேடிப் போட்டது. ஆனா ஒவ்வொண்ணா கேட்டுப் பார்த்தா, ஒரு பாட்டுக்குக்கூட ஒரு ஆள் முகம் ஞாபகம் வரல. ஜிம், ஆபீஸ் கேப், பாத்திரம் தேய்க்கிற நேரம், அவ்வளவுதான்.

அதே நேரத்துல, டீக்கடையில எங்கேயோ ஓடுற ஒரு பழைய பாட்டு காதுல விழுந்தா நான் கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுடறேன். அந்தப் பாட்டு என் பிளேலிஸ்ட்ல இல்ல. நான் அதைத் தேடினதும் இல்ல. யாரோ போட்டாங்க, யார் யாரோ கேட்டாங்க, நடுவுல நானும் இருந்தேன். யோசிச்சுப் பார்த்தா, எனக்கு ஞாபகத்தோட ஒட்டியிருக்கிற பாட்டு எல்லாமே அப்படி வந்ததுதான்.

அதனால இன்னைக்கு நான் தேர்ந்தெடுக்காத நாலு பாட்டைப் பத்திப் பேசப் போறேன். காப்புரிமைச் சிக்கல் இருக்கறதால பாட்டை இங்க போட முடியாது. வரியைப் பாடிக் காட்டவும் போறதில்ல, உங்க காதுக்கு அதுதான் நல்லது. பாட்டைச் சுத்தி என்ன இருந்ததுன்னு மட்டும் சொல்றேன்.

எங்க ஊர் ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவுல. கல்லணைக் கால்வாய், எங்க ஆளுங்க பேச்சுல புது ஆறு, அதோட தண்ணியில நெல்லும் தென்னையும் வளர்ற பக்கம். தஞ்சாவூர்க்காரன்னு சொன்ன உடனே சென்னை நண்பர்கள் எல்லாரும் திருவையாறைத்தான் கேப்பாங்க. நியாயம்தான். கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் மூணு பேரும் பிறந்தது திருவாரூர். நாதஸ்வரம் செய்யற நரசிங்கம்பேட்டை எங்க பக்கம். தோடி ராகம்னாலே பேர் சொல்லப்படற ராஜரத்தினம் பிள்ளை திருவாவடுதுறைக்காரர். எல்லாம் பெருமைதான். ஆனா எங்க வீட்டுக்குள்ள பாட்டு வந்த வழி வேற.

ஊரே கேட்ட பாட்டு

முதல் பாட்டு வந்தது குழாய் ஸ்பீக்கர்ல. தென்னை மரத்துல கட்டின பெரிய குழாய். மைக் செட் அண்ணன் விடியக்காலை நாலரை மணிக்கு ஆம்ப்ளிஃபயரைப் போட்டார்னா ஊருக்கே அலாரம்.

குழாய்ல வர்ற பாட்டை வெச்சு ரெண்டு மைல் தள்ளி இருக்கிற ஊர்ல என்ன விசேஷம்னு சொல்லிடலாம். சீர்காழி கோவிந்தராஜன் குரல்ல பிள்ளையார் பாட்டுல ஆரம்பிச்சா ஏதோ மங்கள காரியம். அடுத்து நாதஸ்வரம் வந்தா கல்யாணம். சினிமாப் பாட்டுக்குச் சீக்கிரமே தாவிட்டா காதுகுத்து, தாய்மாமன் கோஷ்டி வந்தாச்சுன்னு அர்த்தம். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அம்மன் பாட்டு மட்டும்னா மாரியம்மன் கோயில் காப்புக் கட்டியாச்சு.

அந்த அம்மன் பாட்டுகள்ல பாதிக்கு மேல எல்.ஆர்.ஈஸ்வரி குரல். அவங்க முழுப்பேர் லூர்து மேரி ராஜேஸ்வரி, கத்தோலிக்கக் குடும்பத்துல பிறந்தவங்க. அம்மன் திருவிழாவே அவங்க குரல் இல்லாம நடக்காது. அதே மைக் செட்டுல அடுத்த வாரம் நாகூர் ஹனிபா பாட்டு ஓடும். அவர் 1925ல பிறந்து 2015ல மறைஞ்சவர். இஸ்லாமியப் பாட்டுக்கும் அவர்தான், திராவிட இயக்க மேடைக்கும் அவர்தான். எந்த வீட்டு விசேஷத்துலயும் அவர் பாட்டு ஒண்ணாவது ஓடும், யாரும் ஏன்னு கேட்டதில்ல. சின்ன வயசுல எங்களுக்கு அதெல்லாம் ஒரே வகைப் பாட்டு. வகையோட பேரு: குழாய்ப் பாட்டு.

இதுல எனக்கு ஞாபகம் எங்க ஒட்டியிருக்குன்னு சொல்றேன். என்னோட ஒண்ணாவதுலேருந்து படிச்ச நண்பன் ஒருத்தன் பத்தொன்பது வயசுல துபாய்க்குப் போயிட்டான். எங்க பக்கத்துல இது புதுசில்ல, வீட்டுக்கு ஒரு ஆளாவது சிங்கப்பூர்லயோ வளைகுடாவுலயோ இருப்பாங்க. அந்த வருஷத் திருவிழா அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் வருது. அப்போ நிமிஷத்துக்குக் காசு. "எப்படிடா இருக்கே"ன்னு நான் ஆரம்பிச்ச உடனே, "டேய், நீ ஒண்ணும் பேசாத. போனைக் கொழா பக்கம் காட்டு"ன்னான்.

காட்டினேன். நாலு நிமிஷம். ஈஸ்வரியோட அம்மன் பாட்டு ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சு. முடிஞ்சதும், "சரிடா, வெக்கிறேன்"னான். அவ்வளவுதான்.

அந்தப் பாட்டு அவன் போன்லயே இருந்துச்சு, எனக்குத் தெரியும். ரூம்ல ஹெட்போன் மாட்டி எத்தனை தடவை வேணும்னாலும் கேட்டிருக்கலாம். அவனுக்கு வேண்டியிருந்தது பாட்டு இல்ல. குழாய்லேருந்து கிளம்பி பெரிய ஏரிக் கரையில மோதித் திரும்பி வர்ற சத்தம். நடுவுல குலைக்கிற நாய். "டோக்கன் நம்பர் பதினேழு"ன்னு யாரோ கூப்பிடறது. பாட்டோட சேர்ந்து ஊரும் கேக்கணும் அவனுக்கு. அந்தக் காப்பி எந்த ஆப்லயும் கிடையாது.

கடல் தாண்டி வந்த பேரு

ரெண்டாவது பாட்டு நான் பிறக்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்தது. ரேடியோவுல.

இதுக்குக் கொஞ்சம் வரலாறு தேவை. 1952ல மத்திய அரசுல தகவல் ஒலிபரப்பு அமைச்சரா பி.வி.கேஸ்கர் வந்தார். சினிமாப் பாட்டு மக்களோட ரசனையைக் கெடுக்குதுன்னு நினைச்சவர். அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்டு குறைஞ்சு, கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. கேக்கறவங்க என்ன பண்ணினாங்க? ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினாங்க. இந்திப் பாட்டுக்காக வட இந்தியாவும், தமிழ்ப் பாட்டுக்காக நாமளும் இலங்கை வானொலியையே நம்பி இருந்தோம். அதுக்கு அப்புறம்தான், 1957 அக்டோபர் 3ஆம் தேதி, விவித் பாரதியை ஆரம்பிச்சாங்க.

டெல்டாவுல இலங்கை வானொலி இன்னும் நெருக்கம். கோடியக்கரையில நின்னா கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். எங்க அப்பா சொல்வார், சில ராத்திரி மெட்ராஸ் ஸ்டேஷன் கரகரன்னு வரும், இலங்கை பக்கத்து வீட்ல பேசற மாதிரி கேக்கும்னு. காலையில 'பொங்கும் பூம்புனல்'. அப்புறம் அப்துல் ஹமீதோட 'பாட்டுக்குப் பாட்டு'. அவர் தமிழை உச்சரிக்கிறதைக் கேட்டே எங்க அப்பாவுக்கு ழகரம் சுத்தமா வந்துச்சாம்.

ரேடியோன்னா எங்க பக்கம் வெறும் பாட்டுப் பெட்டியும் இல்ல. 1960கள்ல ஆடுதுறை 27ன்னு ஒரு புது நெல் ரகம் வந்துச்சு. திருச்சி வானொலியோட விவசாய நிகழ்ச்சியில அதை எப்படிப் பயிர் பண்றதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. கேட்டவங்க விதைச்சாங்க. கடைசியில அந்த ரகத்துக்குத் தஞ்சாவூர் ஜில்லாவுல 'ரேடியோ நெல்'லுனே பேர் வந்துருச்சு. ரேடியோ சொன்னா வயல்ல நடக்கும், அப்படி ஒரு காலம்.

அந்தக் காலத்தோட பெரிய விஷயம் நேயர் விருப்பம். ஒரு போஸ்ட் கார்டுல பாட்டுப் பேரை எழுதி, கேக்கறவங்க பேர் எல்லாத்தையும் வரிசையா எழுதி அனுப்பணும். பாட்டைவிட பேர்ப் பட்டியல் நீளமா இருக்கும். இன்னைக்கு நாம ஸ்டோரியில பாட்டைப் போட்டு நாலு பேரை டேக் பண்றோமே, அதேதான். என்ன, டேக் பண்ணின ஆளுக்கு மட்டும் தெரியாது. ஊருக்கே கேக்கும்.

1976ல எங்க அத்தைக்குப் பதினாறு வயசு. பத்தாவது படிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு சாயங்காலம் வீட்டுத் திண்ணையில எல்லாரும் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்காங்க. பேர்ப் பட்டியல் படிக்கிறாங்க. அதுல எங்க ஊர் பேரு. அடுத்து எங்க அத்தை பேரு. தனியா. கூட வேற பேர் இல்ல. அப்புறம் பாட்டு. சுசீலா பாடினது, விஸ்வநாதன் மெட்டு.

பிரச்சனை என்னன்னா, எங்க வீட்ல யாரும் கார்டு போடல.

முதல் ரெண்டு நிமிஷம் எல்லாருக்கும் சந்தோஷமாம். பாட்டு பாதி ஓடறப்பதான் எங்க தாத்தாவுக்கு விளங்கியிருக்கு. எழுந்து ரேடியோவை அணைச்சார். "யார் போட்டது?" அத்தை, "எனக்குத் தெரியாது"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே ரேடியோ டிரங்குப் பெட்டிக்குள்ள போயிருச்சு. அறுவடை முடியற வரைக்கும் வெளிய வரல. ரேடியோவாவது திரும்பி வந்துச்சு. அத்தையோட பள்ளிக்கூடம் அதோட நின்னு போச்சு.

இதைச் சிரிச்சுக்கிட்டுதான் எங்க வீட்ல சொல்லுவாங்க, ஒரு பழைய ஜோக் மாதிரி. நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். காலேஜ் முடிச்ச வருஷம் ஒரு நாள் அத்தைகிட்ட தனியா கேட்டேன், "நிஜமாவே யார்னு தெரியாதா அத்தை?" கீரை ஆய்ஞ்சுக்கிட்டே சொன்னாங்க: "தெரியும் தம்பி. அது எங்கேயோ நல்லா இருக்கட்டும். எனக்கு அந்தப் பையன் மேல கோவம் இல்ல. கணக்குப் பரீட்சை எழுத விடலேன்னுதான் இன்னிக்கு வரைக்கும் கோவம்."

எந்தப் பாட்டுன்னு சொல்ல மாட்டேன். அத்தை இந்த எபிசோடைக் கேப்பாங்க. அந்தப் பாட்டு டிவியில வந்தா இன்னைக்கும் அவங்க எழுந்து போக மாட்டாங்க, சேனலை மாத்தவும் மாட்டாங்க. முழுசா கேப்பாங்க. அன்னைக்குப் பாதியில நின்ன பாட்டு இல்லையா.

படுதாவுக்குக் கீழே

மூணாவது பாட்டு எங்க அப்பாவோடது. எழுதினவர் எங்க பக்கத்துக்காரர், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

பேர் தெரியும், ஆள் தெரியாதுன்னு இருக்கறவங்களுக்காகச் சொல்றேன். 1930ல பட்டுக்கோட்டை பக்கத்துல செங்கப்படுத்தான்காடுங்கிற கிராமத்துல பிறந்தார். வயல் வேலையிலேருந்து பல தொழில் பார்த்தவர். விவசாயிகள் இயக்கத்துல இருந்தவர். பாரதிதாசன்கிட்ட போய்ச் சேர்ந்து, அப்புறம் சினிமாவுக்கு வந்தார். 1959ல இறந்துட்டார். வயசு 29. சினிமாவுல பாட்டு எழுதினது ஒரு ஐந்தாறு வருஷம். அதுக்குள்ள எழுதினதைத்தான் எழுபது வருஷமா நாம பாடிக்கிட்டு இருக்கோம்.

1958ல வந்த 'நாடோடி மன்னன்' படத்துல அவர் எழுதின ஒரு பாட்டு இருக்கு. இவ்வளவு விளைஞ்சும் உழைச்சவன்கிட்ட கடைசியில என்னதான் மிஞ்சுதுன்னு கேக்கிற பாட்டு. ஆணும் பொண்ணும் மாத்தி மாத்திப் பேசிக்கிற மாதிரி போகும். ஒருத்தர் குறை சொல்வார், இன்னொருத்தர் காரணம் சொல்வார்.

நான் காலேஜ் படிக்கிறப்போ ஒரு சம்பா அறுவடை. நெல்லை ஏத்திக்கிட்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். போன உடனே போட முடியாது, வரிசை இருக்கும். நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. அதனால வெட்டவெளியில குவிச்சு, காய வெச்சு, ராத்திரிக்குப் படுதா போட்டு மூடி, பக்கத்துலயே படுத்துக் காவல் காக்கணும். மூணாவது நாள் ராத்திரி மழை பிடிச்சுக்கிச்சு.

ஒரு குவியல்னா ஒரு குடும்பத்தோட ஆறு மாசம். அதுல நகைக் கடன் இருக்கு, உரக்கடை பாக்கி இருக்கு, என் செமஸ்டர் ஃபீஸ் இருக்கு. அப்பாவும் நானும் படுதாவோட ரெண்டு முனையைப் பிடிச்சு, அதுக்குக் கீழயே குவியல் மேல சாய்ஞ்சுக்கிட்டோம். பக்கத்துக் குவியல்ல ஒரு பெரியவர். அவருக்கு அப்புறம் இன்னொருத்தர். மொத்தம் ஒரு பத்துப் பதினஞ்சு குவியல், ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டு ஆள். யாரும் பேசல.

அப்போ எங்க அப்பா பாட ஆரம்பிச்சார். அவர் பாடற ஆள் இல்ல. குளிக்கிறப்பகூடப் பாடி நான் கேட்டதில்ல. பட்டுக்கோட்டையார் பாட்டோட முதல் பாதியைப் பாடிட்டு நிறுத்தினார். மறுபாதி, அந்தப் பொண்ணு குரல்ல வர்ற பதில், அது பக்கத்துப் படுதாவுக்குக் கீழேருந்து வந்துச்சு. அந்தப் பெரியவர். குரலை மெலிசாக்கிப் பாடினார். இருட்டுல நாலஞ்சு இடத்துலேருந்து சிரிப்புச் சத்தம். அடுத்த அடிக்கு மூணாவது படுதா.

விடியறப்போ மழை விட்டுருச்சு. எங்க குவியல்ல அடி ஓரம் நனைஞ்சது. மறுபடி ரெண்டு நாள் காய வெச்சுப் போட்டோம். அந்தப் பெரியவர் பேரு எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டை எப்போ கேட்டாலும் பொண்ணு குரல் வர்ற இடத்துல எனக்குக் கேக்கறது அவரோட குரல்தான்.

நாத்து இல்லாம பாட்டு வராது

நாலாவது பாட்டை உங்களால எங்கேயும் தேட முடியாது. எங்க அப்பாயி பாடின நடவுப் பாட்டு.

எங்களுக்குச் சொந்தம் நாலு மா நிலம். மூணு மா ஒரு ஏக்கர்னு கணக்கு வெச்சுக்கோங்க. அப்பாயி சொந்த வயல்ல நட்ட நாளைவிடக் கூலிக்கு நட்ட நாள்தான் அதிகம். மேட்டூர்ல ஜூன் 12ஆம் தேதி தண்ணி திறக்கறதுதான் வழக்கம். தண்ணி கல்லணை வந்து, பிரிஞ்சு, எங்க கடைமடைக்கு வந்து சேர்ந்து, நாத்து தயாராகி, அப்புறம்தான் நடவு. முதல் முடியை வயல்ல வெக்கிறப்போ குலவை போடுவாங்க. அப்புறம் பாட்டு.

நடவுப் பாட்டு கச்சேரி மாதிரி இல்ல. கேக்கறதுக்குன்னு ஒரு ஆள் கிடையாது. ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார், மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. குனிஞ்சு நட்டுக்கிட்டே பின்னாடி நகர்ந்து போற வேலை. எல்லார் கையும் ஒரே வேகத்துல போகணும். ஒருத்தர் முந்தினாலும் வரிசை கோணும், பிந்தினாலும் கோணும். அந்த வேகத்தைப் பிடிச்சு வெக்கிறது பாட்டு. காலையில ஒரு வேகம், வெயில் ஏறினதும் வேற வேகம். வரப்புல யாராவது வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்தா அந்த ஆளையும் பாட்டுக்குள்ள இழுத்துடுவாங்க. அவர் காசு கொடுத்துட்டுதான் தாண்டிப் போகணும். வயல் முடியலேன்னா பாட்டும் முடியாது, கூட ரெண்டு அடி சேர்த்துக்குவாங்க.

நான் சின்னப் பையனா இருந்தப்போ வரப்புல உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கேன். வேலைக்குப் போய் முதல் ஸ்மார்ட்போன் வாங்கினதும் அப்பாயிகிட்ட கேட்டேன், "அப்பாயி, அந்த நடவுப் பாட்டைப் பாடேன், பதிவு பண்ணிக்கிறேன்." வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு என்னைப் பார்த்தாங்க. "நாத்து கையில இல்லாம பாட்டு எங்கேருந்துய்யா வரும்?"

பிகு பண்ணிக்கிறாங்கன்னு நினைச்சேன். இல்ல. நிஜமாவே வரல. நாற்காலியில உட்கார வெச்சு ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணினோம். ரெண்டு அடி வரும், நிக்கும். அடுத்த அடியை வாங்கிப் பாட ஆள் இல்ல, கைக்கு வேலை இல்ல. வயலும் மாறிப் போச்சு. தொடர்ந்து சில வருஷம் ஜூன்ல தண்ணி வரல. நடவு மெஷின் வந்துச்சு, நேரடி விதைப்பு வந்துச்சு. பாட்டுக்கு இடமே இல்லாம போச்சு.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியக்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. செய்தியில பார்த்திருப்பீங்க. எங்க பக்கம் என்ன ஆச்சுன்னா, தென்னந்தோப்பு எல்லாம் ஒரே ராத்திரியில படுத்துருச்சு. ஒரு தென்னை வளர்ந்து காய்க்க எத்தனை வருஷம்! முப்பது நாப்பது வருஷ மரங்கள் வேரோட கிடந்துச்சு. கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ஞ்சு வாரக்கணக்குல இருட்டு. நான் மெட்ராஸ்லேருந்து மெழுகுவத்தி, கொசுவத்தி, பிஸ்கட் எல்லாம் மூட்டையா கட்டி எடுத்துக்கிட்டுப் போய்ச் சேர்ந்தப்போ, எங்க தெருவுல கூரை மிஞ்சின வீடு ரெண்டோ மூணோதான். அதுல எங்க வீடு ஒண்ணு. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாரும் அங்கதான் படுக்கை.

ஒரு ராத்திரி. மெழுகுவத்தியைச் சிக்கனமா அணைச்சாச்சு. யாருக்கும் தூக்கம் இல்ல. யாரோ ஒரு அம்மா மரத்தைச் சொல்லி அழுதுக்கிட்டே இருந்தாங்க. பிள்ளை செத்தா அழற மாதிரி. அவங்க அழுகை கொஞ்சம் ஓய்ஞ்சப்போ, மூலையிலேருந்து அப்பாயியோட பழைய கூட்டாளி ஒருத்தங்க நடவுப் பாட்டோட ஒரு அடியை முணுமுணுத்தாங்க. ஏன்னு தெரியல. அப்பாயி அடுத்த அடியை எடுத்தாங்க. அதுக்கு அடுத்ததை அத்தை வாங்கினாங்க. எதிர் வீட்டு ஆயா அதுக்கு அடுத்தது.

முழுசா வந்துச்சு. தண்ணி வர்றதுலேருந்து கடைசி முடி வரைக்கும். நாத்து கையில இல்ல, வயல் இல்ல. ஆனா நாலு பேர் இருந்தாங்க. நாலு பேரும் ஒரே வயல்ல குனிஞ்சவங்க.

என் போன்ல சார்ஜ் இல்ல. அந்தத் தெருவுலயே யார் போன்லயும் சார்ஜ் இல்ல. அதனால அதை யாரும் பதிவு பண்ணல. வெறுமனே கேட்டோம்.

2021ல அப்பாயி போயிட்டாங்க. அதுக்கு அடுத்த பொங்கலுக்கு நான், அத்தை, எதிர் வீட்டு ஆயா மூணு பேரும் உட்கார்ந்து அந்தப் பாட்டைச் சேர்த்துப் பார்த்தோம். அப்போதான் ஒண்ணு புரிஞ்சுது. அந்தப் பாட்டு யார்கிட்டயும் முழுசா இருந்ததே இல்ல. அத்தைகிட்ட வாங்கிப் பாடற அடிகள் இருக்கு. ஆயாகிட்ட, வரப்புல வர்றவரைக் கிண்டல் பண்ற இடம் இருக்கு. முடிவு ரெண்டு பேருக்கும் தெரியும். தண்ணி வர்றதைப் பத்தின தொடக்கம் அப்பாயிகிட்ட மட்டும் இருந்துச்சு. அதோட மெட்டு எங்களுக்குத் தெரியும், சொல் போயிருச்சு. அந்த இடம் வந்தா அத்தை வாயை மூடிக்கிட்டு மெட்டை மட்டும் முனகுவாங்க. அஞ்சு அடி அளவுக்கு. அப்புறம் சொல் திரும்ப வரும். இப்போ எங்க வீட்ல அந்தப் பாட்டு அப்படித்தான் இருக்கு, நடுவுல ஒரு பள்ளத்தோட. அதை நாங்க பதிவு பண்ணி வெச்சிருக்கோம், முனகலையும் சேர்த்து.

போன சம்பாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இப்போ எங்க பக்கம் நடவுக்கு மேற்கு வங்கத்துலேருந்து ஆட்கள் வர்றாங்க. பக்கத்து வயல்ல நட்டுக்கிட்டே ஏதோ பாடினாங்க. அத்தை வரப்புல நின்னு கொஞ்ச நேரம் கேட்டாங்க. "என்ன சொல்றாங்கன்னு வெளங்கல. ஆனா கை போற வேகம் தெரியுது பாரு"ன்னாங்க.

நீங்க செய்யக்கூடியது

நாலு பாட்டைச் சொல்லிட்டேன். ஹெட்போன்ல பாட்டு கேக்காதீங்கன்னு நான் சொல்ல வரல. நானும் இன்னைக்கு ராத்திரி அதைத்தான் பண்ணுவேன். ஆனா தனியா கேக்கற பாட்டை ஞாபகம் வெச்சுக்க ஒரே ஒரு ஆள்தான் இருக்கான், அது நீங்க. நாலு பேரோட கேட்ட பாட்டுக்கு நாலு சாட்சி. உங்களுக்கு மறந்த அடி இன்னொருத்தர்கிட்ட இருக்கும்.

அதனால ஒரு சின்ன வேலை. உங்க வீட்ல வயசானவங்க இருந்தா அவங்க பாட்டைக் கேளுங்க. எங்க அனுபவத்துலேருந்து நாலு யோசனை சொல்றேன்.

ஒண்ணு. "ஒரு பாட்டுப் பாடுங்க"ன்னு கேக்காதீங்க, வராது. "அப்போ என்ன வேலை செய்வீங்க, யார் யார் இருப்பீங்க"ன்னு கேளுங்க. பாட்டு தானா வரும்.

ரெண்டு. தனியா உட்கார வைக்காதீங்க. கூடப் பாடின இன்னொருத்தரையும் கூட்டிட்டு வாங்க. அவங்க சண்டை போட்டுக்குவாங்க, "அது அப்படி இல்லடி, இப்படி"ன்னு. அந்தச் சண்டையிலதான் மறந்த அடி எல்லாம் வெளிய வரும்.

மூணு. போனை முகத்துக்கு நேரா நீட்டாதீங்க. பக்கத்துல எங்கேயாவது வெச்சுட்டுக் கூட வேலை செய்ங்க. பூ கட்டுங்க, பயறு உரிங்க, கைக்கு ஏதாவது கொடுங்க. நடுவுல நிறுத்தினா பதிவை நிறுத்தாதீங்க.

நாலு. யார் பாடினது, எந்த ஊர், எந்த வேலையில, எந்த வருஷம் வாக்குல, இதை எல்லாம் உங்க குரல்லயே கடைசியில சொல்லி வையுங்க. பாட்டு மட்டும் இருந்தா அது வெறும் ஃபைல்.

வீட்ல அப்படிப் பாடறவங்க யாரும் இல்லேன்னாலும் பரவாயில்ல. பஸ்ல டிரைவர் போட்ட பாட்டு, ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்காரன் தினமும் போட்டு உயிரை எடுத்த பாட்டு, எது வேணும்னாலும். நீங்க தேர்ந்தெடுக்காத ஒரு பாட்டு, அதோட வந்த ஒரு ஆள். ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வர்றதைத் தொகுத்து ஒரு எபிசோடா போடலாம். பேர் சொல்ல வேண்டாம்னா சொல்ல மாட்டோம். பேர் சொன்னா என்ன ஆகும்னு எங்க அத்தைக்குத் தெரியும்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.